சாந்தினியில் சத்தம் கேட்கவில்லை

இப்போதெல்லாம் எங்கள் டாக்குரியாப் பேட்டையில் கரண்ட் போனால் யாருக்கும் தெரிவதில்லை. போவதே அபூர்வம். போனாலும் இன்வர்ட்டர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. டிவியில் அழுதுகொண்டிருக்கும் மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வீணாகாமல் அழுது முடிக்கிறாள். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாக்களும் மட்டுமே குடியிருக்கின்றன.

தொண்ணூற்றிரண்டில் அங்கே நாங்கள் குடியிருந்தோம். சாயங்காலம் விளக்கு அணைந்ததும் தெருவே "ஜாஹ்!" என்று ஒரே குரலில் சலித்துக்கொள்ளும். சலிப்பெல்லாம் வாய்க்குத்தான். கால்கள் அதற்கு முன்பே படியேறத் தொடங்கியிருக்கும். பாய், பனைவிசிறி, கீதாதியின் வெற்றிலை டப்பா எல்லாம் மேலே வந்து சேரும். கீதாதி கட்டடத்தின் சொந்தக்காரி, தரைத்தளத்தில் இருந்தாள். முதல் மாடியிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த வங்காளிப் பெண்கள் நாலைந்து பேர். இரண்டாம் மாடியிலிருந்து நான். வங்கியில் காலையிலிருந்து பிறர் கையெழுத்தையே உற்றுப் பார்த்த கண்களுக்கு அந்த இருட்டு பன்னீர் தெளித்தது போல இருக்கும்.

நாங்கள் ஏறுவது காற்றுக்காக என்று ஆண்கள் நினைத்தார்கள். நாங்கள் ஏறியது ஜலஜா மாமியின் கதைக்காக.

மாமி மூன்றாவது மாடி. பகலில் அவளைப் பார்த்தால் கதை சொல்பவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கரியாஹாட் சந்தையில் கத்திரிக்காய்க்காரன் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் வங்காளி பாஷையில் பாதி தஞ்சாவூர். வெளிச்சத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் முந்தானையைச் சுருட்டுவாள். இருட்டில் அந்த வெட்கம் போய்விடும். "மூஞ்சி தெரியலைன்னா தப்பும் தெரியாது, அமலா" என்பாள் என்னிடம்.

தமிழ் வாரப் பத்திரிகையில் படித்த தொடர்கதை ஒன்றைச் சொல்லத்தான் தொடங்கினாள். அந்தப் பத்திரிகை தபாலில் தொலைந்துபோக, மிச்சத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். கதாநாயகி பெயர் செண்பகம். வங்காளிகள் வாயில் சொம்பா ஆகிவிட்டாள். சொம்பாவின் கணவன் கெட்டவன் இல்லை. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், அவ்வளவுதான். ஒருநாள் சொம்பா டிரங்குப் பெட்டியுடன் வீட்டைவிட்டுக் கிளம்பி, கொள்ளிடம் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மாமி ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவாள். "தார்பொர்?" என்று ஐந்தாறு குரல்கள் கேட்கும். அப்புறம் என்ன என்று தன்னை ஊரில் ஒருவர் கேட்பது மாமிக்கு அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் நடந்தது.

அவள் கணவர் வாஞ்சிநாதன் மாடிக்கு வந்ததே இல்லை. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தில், கணக்குப் பிரிவில் பெரிய அதிகாரி. 'பெரிய' என்பது அவர் வாய்மொழி. பதவியின் பெயர் நீளமானது. வாசற்கதவில் மாட்டிய பித்தளைப் பலகையில் அது இடமில்லாமல் கடைசியில் பொடி எழுத்தாகச் சுருங்கியிருக்கும். கரண்ட் போனால் அவர் ஹாலில் ஒரு டியூப்லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அந்த விளக்கும் விசிறியும் நிமாய் கொடுத்தவை. தெருமுனையில் பெரிய டீசல் ஜெனரேட்டர் வைத்து வீடு வீடாக ஒயர் இழுத்து மாத வாடகைக்கு விட்டிருந்தவன் நிமாய். ஒரு லைட், ஒரு ஃபேன். அதற்கு மேல் யாராவது எதையாவது சொருகினால் அவன் இயந்திரம் திணறும். உடனே நடுத்தெருவில் நின்று தலையைத் தூக்கிக் கத்துவான்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம், வாஞ்சிநாதனிடம் கையெழுத்து வாங்க அவர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்து பணிவாக நின்றுகொண்டிருந்தபோது, தெருவிலிருந்து குரல் வந்தது:

"ஓ மூணாவது மாடி! மிக்ஸியை நிறுத்துங்க! சட்னிக்கு ஜெனரேட்டர் இல்லை!"

குமாஸ்தா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை வாஞ்சிநாதன் பார்த்துவிட்டார். மறுநாள் காலை நிமாய்க்கு ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம் போயிற்று: தங்கள் சேவை இனித் தேவையில்லை. நிமாய் அதை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, ரொம்ப மரியாதையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான். அந்த இணைப்பை அன்றைக்கே எதிர்வீட்டு டாக்டருக்குக் கொடுத்தும் விட்டான்.

"சொந்த ஜெனரேட்டர்" என்றார் வாஞ்சிநாதன். "தூக்கிண்டு போற மாதிரி சின்னதா ஒண்ணு."

மற்றவர்கள் கடைக்குப் போய் வாங்குவார்கள். அவர் கொள்முதல் செய்பவர். மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. தலைவர் அவர். உறுப்பினர்கள் என் கணவர் கிரிதரும் நானும். வீட்டில் எதற்கெல்லாம் மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டார். ஹால் ஃபேன், ஹால் லைட், டிவி, ஃப்ரிட்ஜ், அவர் மேஜை விளக்கு, வாசலில் பித்தளைப் பலகை தெரிவதற்கு ஒரு பல்ப்.

"சமையல் உள்ளுக்கு?" என்று கேட்டாள் மாமி.

"அது செகண்ட் ஃபேஸ்ல வரும்."

எங்கே வைப்பது என்பதை கீதாதி தீர்மானித்தாள். வீட்டுக்குள் வைத்தால் புகையில் எல்லாரும் செத்துப்போவோம், படிக்கட்டில் வைத்தால் நானே உங்களைக் கொன்றுவிடுவேன், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மாடி என்றதும் மாமியின் முகம் மாறியது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குழுவிடம் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஏன்னா, சத்தம் போடாததாப் பாருங்கோ. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"பேஷ். நாய்ஸ் கண்டிஷன். சேத்துண்டேன்."

அப்புறம் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீயும் கூடப் போ, அமலா. சொம்பா பாவம், ரெண்டு மாசமா ஸ்டேஷன்லயே உக்காந்திருக்கா. இந்த மிஷின் மாடியில கத்தித்துன்னா அவ அங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

சனிக்கிழமை பாதி நாள் ஆபீஸ் முடிந்து மூவரும் எங்கள் ஊர்ச் சாந்தினி சௌக் கடைத்தெருவுக்குப் போனோம். நாங்கள் டிராமிலிருந்து இறங்கவும் அங்கே கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அந்தக் காலத்து சாந்தினியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு ஒரு ஜெனரேட்டர் நடைபாதையில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கயிறு இழுத்துக் கிளப்பினார்கள். நடைபாதை நடுங்கியது. மண்ணெண்ணெய்ப் புகையில் எதிர்க்கடை மறைந்தது. வியாபாரிகள் விலையை விரலால் சொன்னார்கள்.

முதல் கடை சேட் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டி, கயிற்றை இழுத்தார். பெட்டி அதிர்ந்தது, அதனால் ஓடுகிறது என்று புரிந்துகொண்டோம். வாஞ்சிநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, வலது காதைக் காட்டினார். பிறகு இடது காதை. பிறகு என்னைப் பார்த்து வாயை அசைத்தார்.

"என்ன மாமா?"

"சத்தம்! சத்தம் கேக்கறதான்னேன்!"

"ஒண்ணுமே கேக்கலை மாமா! நீங்க பேசறதே கேக்கலை!"

"அதான்! அதைத்தான் நானும் சொல்றேன்! ஒண்ணுமே கேக்கலை!"

"ஐயோ, இந்த இரைச்சல்ல எப்படிக் கேக்கும்?"

"கரெக்ட்! எப்படிக் கேக்கும்? நல்ல மிஷின்!"

கிரிதர் அவர் காதருகே போய், "சார், கரண்ட் இருக்கற அன்னிக்கு இன்னொரு தடவை வந்து பாத்துடலாமே" என்று கத்தினார்.

வாஞ்சிநாதன் அவரைக் கருணையோடு பார்த்தார். "கரண்ட் இருக்கறப்போ ஜெனரேட்டர் எதுக்கய்யா? எந்த சூழ்நிலையில உபயோகமோ அந்த சூழ்நிலையிலதான் டெஸ்ட் பண்ணணும். இது பாலபாடம்."

பிறகு இன்னும் இரண்டு கடைகளிலும் காதைக் கொடுத்தார். அங்கேயும் எதுவும் கேட்கவில்லை. எனவே மூன்று இயந்திரங்களும் சத்தமில்லாதவை என்று தகுதி பெற்றன. தகுதியில் சமம் என்றால் விலையில் குறைந்தது எதுவோ அதுவே வெற்றி. முதல் கடைச் சிவப்புப் பெட்டி டாக்ஸியில் ஏறியது. வழியெல்லாம் வாஞ்சிநாதன், நம் ஊர்க்காரர்களுக்குக் கொள்முதல் நுணுக்கம் தெரியாததால்தான் நாடு இப்படி இருக்கிறது என்று டாக்ஸி டிரைவருக்கு இந்தியில் விளக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாலை திறப்பு விழா. மாடியில் நடுநாயகமாகப் பெட்டி. அதற்குச் சந்தனம், குங்குமம். கீதாதி வந்திருந்தாள். அவள் மகன் புல்டனும் வந்திருந்தான். முப்பது வயது, உத்தியோகம் தெருவின் கிளப்புக்குச் செயலாளராக இருப்பது. பெண்கள் வழக்கம்போல் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கரண்ட் போயிற்று. வாஞ்சிநாதன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கம்பீரமாகக் கயிற்றை இழுத்தார். பெட்டி இருமியது. மறுபடி இழுத்தார். மறுபடி இருமல். கடைசியில் புல்டன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலேயே ஒரு இழு இழுத்தான்.

பக்கத்துக் கூரைப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ஏரிப் பக்கம் வரை நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டு டாக்டர் ஜன்னலைத் திறந்து, லாரி எப்படி மாடி ஏறிற்று என்று பார்த்தார். டாக்குரியாவின் அமைதியில் அந்தச் சிவப்புப் பெட்டி தன் உண்மையான குரலை வெளியிட்டது.

"புது மிஷின்!" என்று கத்தினார் வாஞ்சிநாதன். "ஓட ஓட அடங்கிடும்!" என்று சொல்லிவிட்டு வெளிச்சத்தை அனுபவிக்கக் கீழே இறங்கிப் போனார்.

ஜலஜா மாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். சொம்பா பெட்டியைத் திறந்து...

"கீ? என்ன சொன்னே?" என்று கேட்டாள் கீதாதி, காதில் கையை வைத்துக்கொண்டு.

மாமி கொஞ்சம் உரக்கச் சொன்னாள். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பாதி தஞ்சாவூர் கலந்த பாஷையை மெல்லச் சொல்லலாம்; கத்த முடியுமா? மெல்லச் சொன்னால்தான் கதை. கத்திச் சொன்னால் அது பிளாட்பார அறிவிப்பு. புகை வேறு கண்ணைக் கரித்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள்.

பெட்டி ஓடியது, அடங்கவில்லை. கரண்ட் போகும் ஒவ்வொரு மாலையும் அது மாடியில் முழங்க, கீழே வாஞ்சிநாதன் சத்தத்தில் எதுவும் கேட்காத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் முணுமுணுத்தார்கள். பொறாமை என்று மகிழ்ந்தார். மாமி ஒருநாள் என் எதிரிலேயே கேட்டுப் பார்த்தாள்.

"ஏன்னா, ஒரு நாழி நிறுத்தி வெக்கப்படாதா?"

"வாங்கின சாமானை யூஸ் பண்ணாம வெச்சா ஆடிட் அப்ஜெக்‌ஷன் வரும்."

"நம்மாத்துல யாரு ஆடிட் பண்றா?"

"நான்தான்."

மாமி அப்புறம் கேட்கவில்லை. சமையலறையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு சமைத்தாள். நான் போனால் முகம் கொடுத்துப் பேசுவாள்; ஆனால் பேச்சு பாதியில் நின்றுவிடும். "கதை மறந்துடும் போல இருக்கு அமலா" என்றாள் ஒருநாள். "நேத்து ராத்திரி சொம்பாவை நெனைச்சுப் பாக்கறேன், அவ மூஞ்சியே வரலை."

அந்த வாரம் கீதாதி தன் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். புல்டனின் கிளப் ரத்த தான முகாம் நடத்தப்போகிறது. கரண்ட் போனால் படுத்திருப்பவர்களுக்கு விசிறக்கூட ஆளில்லை. நிமாய் பெரிய தொகை கேட்கிறான். மேலே ஒரு ராட்சசன் சும்மா கத்திக்கொண்டிருக்கிறான், அவனைக் கேட்டால் என்ன?

"கேட்டாத் தர மாட்டார், தீதி" என்றாள் மாமி. நான் திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகலில், வெளிச்சத்தில், முந்தானையைச் சுருட்டாமல் பேசிக்கொண்டிருந்தாள். "கேக்கப்படாது. கூப்பிடணும்."

"எதுக்குக் கூப்பிடறது?"

"பதவிக்கு."

பிறகு புல்டனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன பேச வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் பாடம் நடத்தினாள். "அவரே தரேன்னு சொல்லுவார். உடனே சரின்னுடாதே. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு. மூணாவது தடவை கண்ணைத் துடைச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை புல்டன் பஞ்சாபி ஜிப்பாவில் மூன்று சகாக்களோடு மாடியேறினான். உதவிக்கு நாங்களும் போய் உட்கார்ந்திருந்தோம்.

"காக்காபாபு, உங்களைப் போன்ற ஒருவர் நம் தெருவில் இருந்தும் கிளப் இத்தனை நாள் கண்மூடி இருந்துவிட்டது. நீங்கள்தான் எங்கள் புதிய பிருஷ்டபோஷக்."

காக்காபாபு என்றால் சித்தப்பா. பிருஷ்டபோஷக் என்றால் புரவலர். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழும். கிரிதரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் மின்விசிறியைப் பார்த்தோம். வாஞ்சிநாதனுக்கு அது காதில் தேனாகவே விழுந்தது.

"பிரசிடெண்டுக்கு மேலயா, கீழயா?"

"எல்லாருக்கும் மேலே, காக்காபாபு. மேடையில் நடு நாற்காலி."

வாஞ்சிநாதன் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "பதவியை வாங்கிண்டு சும்மா உக்காந்திருக்கறது என் வழக்கமில்லை. உங்க முகாமுக்கு என் ஜெனரேட்டரைத் தரேன்."

"ஐயோ, வேண்டாம் காக்காபாபு!"

"தரேங்கறேன்!"

"உங்களுக்குச் சிரமம்..."

"மிஸ்டர் புல்டன்! எடுத்துண்டு போங்கோ!"

புல்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உள்ளே மாமி காப்பி ஆற்றும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

சாமந்தி மாலை போட்டுப் பெட்டியை இறக்கினார்கள். கிளப் பையன்களுக்குக் கனமான எதையும் தெருவில் தூக்கிப் போனால் துர்கையைக் கரைக்கப் போகும் ஞாபகம்தான் வரும். பழக்கதோஷத்தில் ஒருவன் "ஆஷ்சே பொச்சொர்..." என்று ஆரம்பிக்க, "ஆபார் ஹொபே!" என்று மற்றவர்கள் முடித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் வருவாள் என்று தேவிக்குச் சொல்வது. தேவி வருவாள், பெட்டி வரவில்லை. ரத்த தானம் முடிந்து ஃபுட்பால் போட்டி வந்தது. அது முடிந்து பூஜை வந்தது. ஒவ்வொரு விழாவிலும் நடு நாற்காலியில் இருந்து வாஞ்சிநாதன் அந்த முழக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் உரையாற்றினார். ஒரு சொல்லும் யாருக்கும் கேட்காததால் நல்ல பேச்சாளர் என்ற பெயரும் வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது பெட்டி போன மறுநாள் மாலையை.

கரண்ட் போயிற்று. "ஜாஹ்!" பாய்கள் மேலே வந்தன. ஜலஜா மாமி நடுவில் உட்கார்ந்தாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. டாக்குரியா ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. மாமி வாயைத் திறக்கப் போகும் நேரத்தில் படியில் காலடி கேட்டது. கையில் மடக்கு நாற்காலியுடன் வாஞ்சிநாதன்.

அவர் வேறு எங்கே போவார்? பெட்டி கிளப்பில் இருந்தது. நிமாயின் ஒயர் டாக்டர் வீட்டில் இருந்தது. ஹாலில் புழுக்கம். புரவலர் நாற்காலியை விரித்து, பெண்களுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். மாமியின் விசிறி நின்றுவிட்டது. இத்தனை பாடுபட்டு இருட்டை மீட்டவள், அந்த இருட்டுக்குள் அவரே வந்து உட்காருவார் என்று எண்ணியிருக்கவில்லை. எழுந்து போய்விடுவாளோ?

"தார்பொர்?" என்றாள் கீதாதி மெதுவாக.

வெற்றிலை டப்பாவை மூடிவிட்டு மறுபடி கேட்டாள்.

"ஜலஜா, தார்பொர்?"

மாமி ஆரம்பித்தாள். குரல் முதலில் தரையோடு தரையாக வந்தது. சொம்பா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தன் கணவனை நினைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அவனை ஒரு குடை வாங்கி வரச் சொன்னாள். அவன் மூன்று கடையில் விலை விசாரித்து, மூன்றையும் எழுதி ஒப்பிட்டு, மூன்றாவது கடைக்காரனிடம் விளக்கம் கேட்டு, குடையோடு வீட்டுக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது.

பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு மேலாக, சுவர் ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வாஞ்சிநாதன் நாற்காலி குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியும் ஒரு அசடு இருப்பானோ!" என்றார் இருட்டைப் பார்த்து.

நான் மாமியின் பக்கம் பார்த்தேன். முகம் தெரியவில்லை. விசிறி மறுபடி அசையும் ஓசை மட்டும் வந்தது. இப்போது குரல் எழும்பி நின்றது. தூரத்தில் மெட்ராஸ் எக்ஸ்பிரஸின் விளக்கு தெரிகிறது. சொம்பா எழுந்தாள். டிரங்குப் பெட்டியின் காதைப் பிடித்தாள். தண்டவாளம் கிண்கிண் என்கிறது...

"ஜலஜா." வாஞ்சிநாதன் நாற்காலியில் திரும்பியிருந்தார். "அந்த வண்டி கொள்ளிடத்துல நிக்காது."

தமிழில் சொன்னதால் மற்றவர்களுக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன். சொம்பா ஏற முடியாது என்று ரயில்வே சொல்கிறது என்றேன். "ஏ மா!" என்று கீதாதி வாயில் கை வைத்தாள்.

"மெயின் லைன் எக்ஸ்பிரஸ். சின்ன ஸ்டேஷன்ல நிக்காது. எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

"இன்னிக்கு நிக்கும்" என்றாள் மாமி.

"எப்படி நிக்கும்? யார் ஆர்டர்?"

"சுப் கொருன் தோ, வாஞ்சி பாபு!" கீதாதி அதட்டினாள். "சும்மா இருங்கள்! பெண் ஏறட்டும்!"

அந்தக் குரலில் அவரை இதுவரை யாரும் அதட்டியதில்லை. மடக்கு நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. நாங்கள் காத்திருந்தோம். அவர் எழுந்து போகவில்லை.

மாமி வண்டியை நிறுத்தினாள். பெட்டியை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, சொம்பா ஏறினாள்.